அறுவடையில் ஒரு பங்கு அடுப்புக்கு

மலைநாட்டுக் கமக்காரர் குடும்பங்களுக்கு ஏற்ற எளிய உணவுகளும், இனிப்புகளும், பானங்களும்

தலவாக்கலைப் பகுதியில் விடியற்காலையிலேயே மரக்கறி லொறிகள் புறப்பட்டுவிடும். லீக்ஸ், கோவா, கரட், பீற்றூட், முள்ளங்கி, நோக்கோல் ஆகியவை சாக்குகளிலும் கூடைகளிலும் நிறைக்கப்பட்டு நாட்டின் பல பாகங்களுக்கும் செல்கின்றன. லொறி சென்ற பின்னர் பாத்தியோரத்தில் எஞ்சிக் கிடப்பது ஒரு குவியல் பச்சை இலை. அதே வேளையில் அம்மரக்கறியை விளைவித்த கமக்காரரின் அடுப்பங்கரையில் ஆயத்தமாவது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும், கொச்சிக்காய்ச் சம்பலும், சீனி மிகுந்த தேநீருமே ஆகும். நாட்டுக்கு மரக்கறி வழங்கும் குடும்பம் தான் மரக்கறி உண்பதில்லை என்னும் இந்நிலை வருந்தத்தக்கது, ஆயினும் மாற்றக்கூடியது.

இதனைச் சிறிய காரியமாகக் கருதுதல் ஆகாது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016ஆம் ஆண்டில் நடத்திய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்களாய் இருந்தனர். தோட்டப் பகுதியிலோ அத்தொகை 100க்கு ஏறத்தாழ 32 ஆகும். குழந்தையின் வளர்ச்சி குன்றுவதற்கு உணவு ஒன்றே காரணமன்று. தாயின் உடல்நிலை, குடிநீரின் தூய்மை, லயத்து வீட்டின் நெருக்கம், குடும்ப வருவாய் ஆகியனவும் காரணங்களே. இவற்றுட் பலவற்றை ஒரு குடும்பம் தனித்து நின்று மாற்றிவிட இயலாது. ஆனால் இன்று மாலை பானையில் எதனை இடுவது என்பது வீட்டாரின் கையில் உள்ளது. அவ்வகையில் உதவக்கூடிய சில முறைகள் இங்கு விவரிக்கப்படுகின்றன.

மாவுணவு வந்த வழி

மலைநாட்டு மக்கள் தொடக்கத்திலிருந்தே கோதுமை மாவை உண்டவர்கள் அல்லர். அவர்களின் முன்னோர் சோறும் கூழும் கஞ்சியும் உண்டு வளர்ந்தவர்கள். 1942ஆம் ஆண்டில் யப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றியதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பிற்று. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் தோட்ட மக்கள் மாவுக்கும் வழியின்றிப் பெருந் துன்பமடைந்தனர். அண்மையில், 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மலைநாட்டு மரக்கறி விளைச்சலும் தேயிலை விளைச்சலும் பாதிக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து வந்த பொருளாதார நெருக்கடியில், 2022 செத்தெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பொருட்களின் விலை முந்திய ஆண்டின் அதே மாதத்தை விட 94.9 வீதம் உயர்ந்திருந்தது.

இவ்வரலாறு உணர்த்தும் பாடம் ஒன்று உண்டு. கடையில் வாங்கும் ஒரேயொரு பண்டத்தை நம்பி வாழும் வீடு, அப்பண்டத்தின் விலை ஏறும்போது முதலில் தளர்கின்றது. கொல்லையில் நான்கு வகைக் கீரையும், பாத்தியில் இரண்டு வகைக் கிழங்கும் உள்ள வீடு அவ்வாறு எளிதில் தளர்வதில்லை.

வீசப்படும் இலையின் பயன்

லீக்சின் வெண்தண்டை மட்டும் சமைத்துப் பச்சை இலையை எறிவது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால் விற்றமின் ஏ ஆக உடலில் மாறும் சத்து வெண்தண்டைக் காட்டிலும் பச்சைப் பகுதியிலேயே மிகுதி. முள்ளங்கியிலை, நோக்கோலிலை, பீற்றூட் இலை, கோவாவின் புறவிலை ஆகிய யாவும் உண்ணத் தக்கவை. முள்ளங்கியிலையும் நோக்கோலிலையும் கல்சியம் நிறைந்தவை. பீற்றூட் இலையில் ஒட்சலிக் அமிலம் கூடுதலாக இருப்பதால், சிறுநீரகக் கல் உள்ளோர் அதனைத் தவிர்த்தல் நன்று. உருளைக்கிழங்குச் செடியின் இலையையும் தக்காளிச் செடியின் இலையையும் எக்காரணங் கொண்டும் உண்ணலாகாது. அவை நஞ்சுத் தன்மை உடையன. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கையும் சமையலுக்கு எடுத்தல் கூடாது.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சந்தைக்காகப் பயிரிடும் பாத்திகளில் பீடைநாசினி தெளிக்கப்படுகின்றது. தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே விடவேண்டிய காலம் மருந்துப் போத்தலின் சிட்டையில் குறிக்கப்பட்டிருக்கும். அக்காலம் கடவாத பாத்தியிலிருந்து ஓர் இலையையேனும் வீட்டுக்குக் கொண்டுவருதல் கூடாது. கிழங்குக்காக வளர்க்கும் பயிரின் இலையில் மருந்து நேராகவே படிகின்றது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். ஆகையால் வீட்டுத் தேவைக்கென 10 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள ஒரு பாத்தியையேனும் ஒதுக்கி, மருந்து தெளியாது பேணுதலே சிறந்த வழியாகும். அதில் வல்லாரை, பொன்னாங்கண்ணி, முள்ளங்கி, லீக்ஸ் ஆகியவற்றை முறைவைத்து நடலாம். தாழ்நிலத்தில் போற்றப்படும் முருங்கை இக்குளிரில் செழித்து வளர்வதில்லை. எனவே அதனை எண்ணி ஏங்காது, இம்மண்ணுக்கு ஏற்ற கீரைகளையே வளர்ப்பது அறிவுடைமை. வெறுமையான மருந்துப் போத்தல்களை எவ்வளவு கழுவினாலும் அடுப்பங்கரையிற் பயன்படுத்தலாகாது.

மலைநாட்டு அடுப்பங்கரைக்கு உரிய விதிகள்

தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் கொதிநிலை 1 பாகை குறைகின்றது. எனவே கடற்கரை ஊரில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர் இங்கு 96 பாகையளவில் கொதிக்கின்றது. இதனாலேயே கடலை, பயறு முதலியன இப்பகுதியில் விரைவில் வேகுவதில்லை. எரிப்பதற்கு உரிய மிலாறும் விறகும் மிச்சமாக வேண்டுமாயின், கடலையை முதல்நாள் இரவும், பயறைச் சமைப்பதற்கு 3 மணி நேரத்துக்கு முன்னரும் நீரில் ஊறவைத்தல் வேண்டும். பருப்பு வகை நன்கு வெந்த பின்னரே புளியோ கருப்பட்டியோ சேர்த்தல் வேண்டும். முன்னரே சேர்த்தால் வேகும் நேரம் இன்னும் நீளும்.

மரக்கறியைக் கழுவிய பின்னரே நறுக்குக. நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். கீரையை மூடி வைத்து நெடுநேரம் வேகவிடாது, சில நிமிடங்களில் இறக்குக. தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழிக. அப்புளியிலுள்ள விற்றமின் சீ, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். கரட்டையும் பச்சை இலைகளையும் சிறிது தேங்காயோடு அல்லது எண்ணெயோடு சமைக்குக. கொழுப்பு இல்லையெனில் விற்றமின் ஏ சத்து உடலிற் சேராது.

இனி வரும் அளவுகள் 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு உரியவை.

1. இலைக்கஞ்சி

மலைக்கும் வயலுக்கும் புறப்படுவோர் விடியற்காலையில் அருந்துதற்கு இதனினும் ஏற்ற உணவு அரிது. சிங்கள மக்கள் இதனைக் 'கொலகெந்த' என வழங்குவர்.

தேவையான பொருட்கள்: சிவப்புப் பச்சையரிசி 100 கிராம், வல்லாரை அல்லது பொன்னாங்கண்ணி 100 கிராம், உள்ளிப் பூண்டு 4 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, தேங்காய்ப்பால் 1 கோப்பை, உப்பு அளவாக, நீர் ஒன்றரை லீற்றர்.

செய்முறை: அரிசியைக் கழுவி, தட்டிய பூண்டையும் இஞ்சியையும் சேர்த்து நன்கு குழைய வேகவிடுக. கீரையைக் கழுவிச் சிறிதளவு நீருடன் அரைத்துப் பிழிந்து சாறு எடுக்குக. கஞ்சியில் தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இலைச்சாற்றையும் உப்பையும் சேர்க்குக. மறுமுறை கொதி எழும் தறுவாயிலேயே இறக்கிவிடுக. மேலும் கொதித்தால் பச்சை நிறமும் மணமும் கெடும். ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சூட்டோடு அருந்துவது வழக்கம். கைப்பு விரும்பாத சிறுவரும் இவ்வாறு கொடுத்தால் மறுப்பதில்லை.

2. முள்ளங்கியிலைச் சுண்டல்

தேவையான பொருட்கள்: இளம் முள்ளங்கியிலை அல்லது நோக்கோலிலை 250 கிராம், தேங்காய்ப்பூ அரைக் கோப்பை, சின்ன வெங்காயம் 6, பச்சைமிளகாய் 2, நெத்தலிக் கருவாடு 25 கிராம், மஞ்சள் ஒரு சிட்டிகை, தேசிக்காய் பாதி, எண்ணெய் 2 தேக்கரண்டி.

செய்முறை: கருவாட்டைத் தலை நீக்கிச் சுடுநீரில் கழுவி, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து எடுத்து வைக்குக. எஞ்சிய எண்ணெயில் வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி, மெல்லியதாக அரிந்த இலையையும் மஞ்சளையும் இட்டுக் கிளறுக. இலை வாடியதும் தேங்காய்ப்பூவைச் சேர்த்து 2 நிமிடம் புரட்டி இறக்குக. கருவாட்டை நொறுக்கித் தூவி, தேசிக்காய் பிழிக. கருவாட்டில் உப்பு இருப்பதால் தனியே உப்பு இடுவதற்கு முன் சுவை பார்த்தல் வேண்டும். முள்ளோடு உண்ணப்படும் நெத்தலி கல்சியமும் புரதமும் தரும் மலிவான உணவாகும்.

3. லீக்ஸ் இலைப் பருப்புக் கறி

தேவையான பொருட்கள்: மைசூர்ப் பருப்பு 200 கிராம், லீக்சின் பச்சை இலை 200 கிராம், வெங்காயம் 1, பூண்டு 3 பல், மஞ்சள், கடுகு, சீரகம், கறிவேப்பிலை சிறிதளவு, செத்தல் மிளகாய் 2, தேங்காய்ப்பால் அரைக் கோப்பை, உப்பு.

செய்முறை: லீக்ஸ் இலைகளின் மடிப்புக்குள் மண் தங்கியிருக்கும். ஆதலால் இலைகளைத் தனித்தனியே பிரித்துக் கழுவிய பின் மெல்லியதாக அரிக. பருப்பை மஞ்சளும் பூண்டும் சேர்த்து வேகவைத்து, முக்கால் பதம் வெந்ததும் லீக்சை இடுக. 5 நிமிடத்தில் தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து இறக்கி, கடுகு முதலியவற்றைத் தாளித்துக் கொட்டுக. இக்கறி சோற்றுக்கும் ரொட்டிக்கும் பொருந்தும். இறைச்சியோ மீனோ வாங்க இயலாத நாட்களில் சோறும் பருப்பும் ஒருங்கே உண்பதால், ஒன்றிலுள்ள புரதத்தின் குறையை மற்றது நிரப்புகின்றது.

4. கலவை ரொட்டி

ரொட்டியை முற்றாகக் கைவிடுமாறு கூறுதல் நடைமுறைக்கு ஒவ்வாது. கொழுந்தெடுக்கச் செல்லும் பெண் காலைப் பெரட்டுக்கு முன் விரைந்து சமைக்கவும், மலையில் வைத்து உண்ணவும் ஏற்றது ரொட்டியே. ஆகையால் ரொட்டியைத் திருத்திக்கொள்வதே தக்க வழி.

தேவையான பொருட்கள்: கோதுமை மா 250 கிராம், குரக்கன் மா 150 கிராம், தேங்காய்ப்பூ 100 கிராம், துருவிய கரட் 100 கிராம், அரிந்த வெங்காயமும் பச்சைமிளகாயும் சிறிதளவு, உப்பு.

செய்முறை: யாவற்றையும் ஒன்றாகக் கலந்து, இளஞ்சூடான நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைக. கரட்டிலிருந்து நீர் வெளிப்படும் என்பதால் நீரை அளவறிந்து சேர்த்தல் வேண்டும். கால் மணி நேரம் மூடிவைத்து, உருண்டைகளாக்கித் தட்டி, சூடான கல்லில் இருபுறமும் சுட்டு எடுக்குக. குரக்கன் சேர்வதால் கல்சியமும் நார்ச்சத்தும் கூடுகின்றன; பசியும் நெடுநேரம் தாங்கும். குரக்கனின் கருநிறத்தைச் சிறுவர் விரும்பாவிடின், முதலில் 50 கிராமுடன் தொடங்கி வாரந்தோறும் சிறிது கூட்டலாம்.

5. கரட் பயற்றம் பாயசம்

தேவையான பொருட்கள்: பயறு 100 கிராம், துருவிய கரட் 200 கிராம், கருப்பட்டி அல்லது சர்க்கரை 150 கிராம், இரண்டாம் தேங்காய்ப்பால் 2 கோப்பை, முதற்பால் 1 கோப்பை, ஏலக்காய் 3, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: பயறை மணம் எழும்வரை வறுத்து, நீரில் ஊறவைத்து, மலரும் பதத்துக்கு வேகவிடுக. கரட்டையும் இரண்டாம் பாலையும் சேர்த்து 10 நிமிடம் கொதிக்கவிடுக. கருப்பட்டியைச் சிறிது நீரிற் கரைத்து வடித்து ஊற்றுக. இறுதியாக முதற்பாலும் ஏலப்பொடியும் உப்பும் சேர்த்து, கொதி எழுவதற்கு முன் இறக்குக. தைப்பொங்கல், தீபாவளி நாட்களுக்கு மட்டுமன்றி, சந்தையில் கரட்டின் விலை வீழ்ந்து பாத்தியில் தேங்கும் நாட்களுக்கும் ஏற்ற இனிப்பு இதுவாகும்.

6. திரிபோஷா உருண்டை

கர்ப்பவதிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எடை குறைந்த சிறுவருக்கும் சுகாதார நிலையங்களில் இலவசமாக வழங்கப்படும் திரிபோஷா, சோளமும் சோயா அவரையும் சேர்த்து ஆக்கப்பட்ட சத்துமா ஆகும். 1973ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் இது வழக்கிலுள்ளது. முன்னரே வேகவைத்துப் பதப்படுத்தப்பட்ட மாவாதலின் மீண்டும் அடுப்பேற்ற வேண்டியதில்லை.

1 கோப்பை திரிபோஷாவுக்குத் தேங்காய்ப்பூ 3 மேசைக்கரண்டி, சீவிய கருப்பட்டி 2 மேசைக்கரண்டி சேர்த்து, கொதித்தாறிய நீரைத் தெளித்துப் பிசைந்து சிறு உருண்டைகளாகப் பிடிக்குக. அன்றைக்கு வேண்டிய அளவே செய்தல் நன்று. சமைத்த மா என்பதற்காக வீட்டார் யாவரும் பகிர்ந்து உண்பது தவறாகும். அஃது எவருக்காக வழங்கப்பட்டதோ அவருக்கே முழுமையாகச் சேர்தல் வேண்டும். பெரியோர் ஒரு பிடி எடுத்தால் குறைவது குழந்தையின் எடையே.

7. மரத்தக்காளிப் பானம்

மலைநாட்டு வீட்டோரங்களில் காய்க்கும் மரத்தக்காளி பலராலும் பொருட்படுத்தப்படாத கனி. நன்கு பழுத்த 6 பழங்களைக் கொதிநீரில் 1 நிமிடம் இட்டு எடுத்தால் கைப்புள்ள தோல் எளிதில் உரியும். சதையை மசித்து விதை நீங்க வடித்து, கொதித்தாறிய நீர் 4 கோப்பையும், சீனி 4 மேசைக்கரண்டியும், ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கலக்குக. பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளுக்குக் கடையில் விற்கும் நிறமூட்டிய பானங்களைக் காட்டிலும் இது மேலானது. தடிமன் கண்ட நாட்களில் 2 மேசைக்கரண்டி கொத்தமல்லியை வறுத்து, ஒரு துண்டு இஞ்சியுடன் 4 கோப்பை நீரிலிட்டு, 2 கோப்பையாக வற்றக் காய்ச்சிக் கொடுக்கலாம்.

தேநீர் பருகும் வேளை

தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள தலவாக்கலையில் தேநீரைப் பற்றிக் கூறாது விடுதல் இயலாது. 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்நிலையம் இங்குள்ள சென் கூம்ஸ் தோட்டத்திலிருந்து இயங்குகின்றது. இப்பிரதேசத்தின் உயர்நிலத் தேயிலை உலகப் புகழ் பெற்றது. அதனை அருந்துவதில் தவறில்லை. அருந்தும் வேளையிலேயே கவனம் வேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியம் ஆகியவற்றின் இரும்புச்சத்தோடு பிணைந்து, அஃது உடலிற் சேராதவாறு தடுக்கின்றது. ரொட்டியைத் தேநீரில் தோய்த்து உண்ணும் வழக்கம் இதனாலேயே தீங்காகின்றது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே 1 மணி நேரமாவது விடுதல் வேண்டும். இரத்தச்சோகை உள்ள பெண்களும் கர்ப்பவதிகளும் இதனை உறுதியாகக் கடைப்பிடிப்பாராக. மருத்துவமாது தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீருடன் விழுங்கலாகாது. சிறு குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டியதே இல்லை.

நெற்செய்கையாளருக்கு ஒரு சொல்

கொத்மலைப் பள்ளத்தாக்கு முதலிய தாழ்வான இடங்களில் நெல் விளைவிப்போர், வீட்டுத் தேவைக்கான நெல்லை வெள்ளை வெளேரெனத் தீட்டுதல் கூடாது. அரிசியின் விற்றமின் பீ வகைகள் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலுமே உள்ளன. நெல்லைப் புழுக்கிக் குற்றினால் அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே சென்று நிலைக்கின்றது. தீட்டும்போது முழுவதும் இழக்கப்படுவதில்லை. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவாமலும், கஞ்சியை வடித்து ஊற்றாமலும், அளவான நீரில் வற்றச் சமைப்பதே சிறந்த முறை. கஞ்சி வடிக்கும் வழக்கம் உள்ள வீட்டில் அக்கஞ்சியைப் பருப்புக் கறியில் சேர்க்கலாம்.

வீட்டுச் சமையல் வருவாய்க்கும் வழிகாட்டும். விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' உணவு நிலையங்களில் கிராமப் பெண்களே இலைக்கஞ்சி, குரக்கன் ரொட்டி முதலிய உள்ளூர் உணவுகளைச் சமைத்து விற்று வருகின்றனர். வீட்டார்க்கு நலம் தரும் உணவு விலைக்கும் போகும் என்பதற்கு இது சான்றாகும்.

தொடங்குவது எங்ஙனம்

இவை யாவற்றையும் ஒரே நாளில் மேற்கொள்ளுதல் கடினம். முதல் வாரத்தில் தேநீரை உணவிலிருந்து பிரித்து வைக்குக. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. இரண்டாம் வாரத்தில், லொறிக்கு மரக்கறி கட்டும் நாளில், மருந்துக் காலம் கடந்த பாத்தியிலிருந்து ஒரு கட்டு இலையை வீட்டுக்கென முதலில் எடுத்து வைக்குக. மூன்றாம் வாரத்தில் வாரம் இருமுறை இலைக்கஞ்சியும், ஒருமுறை கலவை ரொட்டியும் செய்க. நான்காம் வாரத்தில் வீட்டுப் பாத்தியைக் கொத்தி வல்லாரை நடுக. குழந்தையின் எடையை மாதந்தோறும் சுகாதார நிலையத்தில் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் குறித்து வருதல் வேண்டும். அட்டையிலுள்ள கோடு மேலேறுகின்றதா என்பதே இம்முயற்சியின் விளைச்சலைக் காட்டும் அளவுகோல்.

விதைநெல்லை முதலில் ஒதுக்கிவிட்டே எஞ்சியதை விற்பது கமக்காரர் வழக்கம். அடுத்த போகம் அதனை நம்பியிருக்கின்றது என்பதை அவர் அறிவார். வீட்டுப் பிள்ளைகளுக்கு உரிய பங்கையும் அவ்வாறே அறுவடையின் முதலில் ஒதுக்கி வைப்பாராக.